இன்னும் கொஞ்சம் ஏறட்டும்

வரிசை ஓரடி நகர்ந்தது. சென்னியப்பனும் ஓரடி நகர்ந்தார். நகர்ந்த பிறகுதான் மகளின் கை தன் கைக்குள் இல்லை என்று தெரிந்து திரும்பிப் பார்த்தார். மிருதுளா பின்னால் அங்கேயேதான் நின்றாள், தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள், கண் மட்டும் கொட்டகையின் அந்தக் கோடியில் தொங்கிய தராசின் மேல் இருந்தது. இங்கிருந்து பார்த்தால் தராசின் மேல்பாதிதான் தெரியும், உத்தரத்தில் கட்டிய இரும்புக் குறுக்குச் சட்டமும் இரண்டு பக்கமும் இறங்குகிற சங்கிலிகளும். தட்டுகளை முன்னால் நிற்கிறவர்களின் தலை மறைத்தது. யாரோ ஏற, சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பிறகு மெல்ல மெல்ல நேரானது, கூட்டம் அரோகரா போட்டது. இன்னும் ஆறு குடும்பம். ஆறு குடும்பத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும், ஒன்றுக்குப் பத்து நிமிடம் வைத்தாலும் ஒரு மணி நேரம், அந்த ஒரு மணி நேரமும் பிள்ளை இந்தச் சங்கிலியைப் பார்த்துக்கொண்டேதான் நிற்கப் போகிறாள். ஏன் கூட்டி வந்தோம் என்று நினைத்தார். காலை ஆறரைக்குப் பஸ் ஏறியதிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். வெயில் இன்னும் ஏறவில்லை, ஆனால் கூரைத் தகரம் அதற்குள் அனல் விட ஆரம்பித்துவிட்டது, இந்தப் புழுக்கத்தில் பிள்ளை பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், போன தீபாவளிக்கு எடுத்தது, ஜரிகை கனத்தது, வேண்டாம் கண்ணு வேர்க்கும் என்று சொல்லியும் கேட்கவில்லை, அதோடு அவள் அம்மாவின் வளையல்களை இரண்டு கையிலும் முழங்கைப் பக்கம் வரை ஏற்றியிருந்தாள், அம்மாவின் கொலுசு வேறு, பழைய காலத்துக் கெட்டிக் கொலுசு, நடந்தால் ஜல்லென்று சத்தம் வராது, சங்கிலி இழுபடுகிற சத்தம்தான் வரும். உடம்பை மறைக்கத்தான் இத்தனையும் என்று அவருக்குப் புரிந்தது. பதினொரு வயசுக்கு அதற்குள் உடம்பை மறைக்க வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் போன வருஷம் எடை பார்க்க வந்தார்கள், வரிசையாக நிற்க வைத்து, விளையாட்டு வாத்தியார் ஒவ்வொரு எடையாகச் சத்தம் போட்டுப் படிக்க இன்னொருத்தர் எழுதிக்கொண்டார், மிருதுளாவின் எடையைப் படித்ததும் பின்னாலிருந்து ஒரு பையன், சார் இது லாரி எடை போடற இடத்துக்குப் போகவேண்டிய கேஸ் சார் என்றானாம். அவள் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லித்தான் அவருக்குத் தெரியும். இன்றைக்கு இத்தனை சனத்துக்கு முன்னால், வாத்தியார்கூட இல்லை, அப்பனே கையைப் பிடித்துத் தட்டில் ஏற்றப் போகிறான்.

ஏறியிருக்கு. எத்தனை விதமாக அந்தச் சொல்லைக் கேட்டாயிற்று. கரண்டு மீட்டர் கணக்கெடுக்கிற வேலையில் இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாக ஏறி இறங்குகிறார், கேட் திறக்கிற சத்தத்துக்கே உள்ளேயிருந்து குரல் வரும், ஏனுங்க சார், இந்தத் தடவை எத்தனை ஏறியிருக்கு? மீட்டர் ஏறத்தான் செய்யும், அதற்கு இறங்கத் தெரியாது, இதை எத்தனை பேரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார். ஆனால் அந்த முப்பத்தெட்டு நாள் மட்டும் அந்தச் சொல்லுக்காக அவரும் மனைவி வசந்தாமணியும் காத்துக் கிடந்தார்கள், ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், செருப்பைக் கழற்றி வைக்கிற அலமாரிக்குப் பக்கத்துத் தரையில். ஏழரை மாதத்தில் பிறந்த பிள்ளை. ஒரு கிலோ முந்நூற்று எண்பது கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிவப்பு விரல் மாதிரி கிடந்தாள், முகம் எது கை எது என்று முதல் நாள் அவருக்குத் தெரியவில்லை. காலையில் எட்டு மணிக்கு நர்ஸ் வெளியே வருவாள், வந்து முகமூடியைக் கழுத்துக்கு இறக்குவாள், இறக்கும்போதே அவள் உதட்டைப் பார்த்து வசந்தா தெரிந்துகொள்வாள். இருபது கிராம் ஏறியிருக்குக்கா. அன்றைக்கு நாள் முழுக்க அந்த இருபது கிராம்தான் பேச்சு. இருபது கிராம்னா எவ்வளவுங்க, என்று வசந்தா கேட்பாள், இவர் யோசித்து, ஒரு கைப்பிடி பொரிகடலை இருக்கும் என்பார். ஒரு கைப்பிடி! என்று கன்னத்தில் கை வைத்துக்கொள்வாள். வேலைக்குக் கொண்டுபோகிற டைரியின் கடைசிப் பக்கத்தில் தினமும் எழுதி வைத்தார், மீட்டர் எண்ணிக்கை எழுதுகிற அதே கையெழுத்தில். அதே சொல் பத்து வருஷம் கழித்து வேறொரு ஆஸ்பத்திரியில், டாக்டரம்மா காகிதத்தைத் திருப்பிக் காட்டி, பாருங்க, வயசுக்கும் உயரத்துக்கும் ரொம்ப ஏறியிருக்கு என்று சொன்னபோது, அவருக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. ஒரு நொடி. உடம்புக்குள் எங்கேயோ அந்தப் பழைய காலை எட்டு மணி விழித்துக்கொண்டு, ஏறியிருக்கா என்று எழுந்து உட்கார்ந்தது. அப்புறம்தான் டாக்டரின் முகத்தைப் பார்த்தார்.

பதினோராவது நாள்தான் அது நடந்தது. எடை இறங்கிவிட்டது. ஒரு கிலோ இருநூற்று நாற்பது. நர்ஸ் முகமூடியை இறக்கவே இல்லை, அப்படியே உள்ளே போய்விட்டாள். வசந்தா விறுவிறுவென்று பின்பக்கப் படிக்கட்டுக்குப் போனாள், தையல் ஆறாத உடம்பு, இவர் பின்னாலேயே ஓடினார், அங்கே ஒரு ஜன்னல் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியும் ஒரு பனியன் கம்பெனியின் சுவரும்தான் இருந்தன, அவள் அந்தச் சுவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அடிவாரத்து முருகன் கோயில் அந்தத் திசையில்தான் இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. சாமி, இவளை எனக்குக் குடுத்துரு, எடைக்கு எடை வெல்லம் போடறேன், துலாபாரத்துல ஏத்தறேன், தட்டு தரையைத் தொடணும் சாமி, நல்லாக் கனமா, தட்டு டங்குன்னு தரையைத் தொடற மாதிரி எனக்குக் குடு. அப்படித்தான் சொன்னாள். ஒரு வார்த்தை மாறாமல் அவருக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் அதை அதன் பிறகு எத்தனையோ முறை சொல்லிச் சொல்லி அவரே தேய்த்துவிட்டார். மறுநாள் பத்து கிராம் ஏறியது. முதல் பிறந்த நாளுக்கு வேண்டுதலை முடித்துவிடலாம் என்று இவர் சொன்னார், பிள்ளை அப்போது ஏழு கிலோ, காலும் கையும் குச்சி குச்சியாக இருந்தது, வசந்தா மடியில் தூக்கி வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஏறட்டுங்க என்றாள். இந்தப் பூனைக்குட்டியக் கொண்டுபோய் வெச்சா தட்டு அசையுமா, சாமியே சிரிக்கும். இரண்டாவது வருஷமும் அதையே சொன்னாள். மூன்றாவது வருஷம் அம்மை போட்டுப் பிள்ளை இன்னும் இளைத்தது. இன்னும் கொஞ்சம் ஏறட்டும். ஒவ்வொரு பங்குனிக்கும் கேட்பார், ஒவ்வொரு பங்குனிக்கும் அவள் பிள்ளையின் முழங்கையைப் பிடித்துப் பார்ப்பாள், கறிக்கடையில் பார்க்கிற மாதிரி ஏன் பார்க்கிறாய் என்று இவர் கேலி செய்வார், ஏனுங், பெத்தவளுக்குத் தெரியாதா, அடுத்த வருஷம் பாருங்க, தட்டு டங்குன்னு உக்காரும். பிள்ளைக்கும் அந்த டங்கு பிடித்துவிட்டது. தானே கட்டிலிலிருந்து குதித்து, அம்மா டங்கு என்று கத்துவாள்.

வரிசை நகர்ந்தது. இன்னும் நாலு. வெல்லம் வைத்த தள்ளுவண்டியைக் காலால் முன்னே தள்ளினார், இரண்டு சிப்பம், அறுபது கிலோ. மண்டியில் கடைக்காரர் நல்லவர்தான், துலாபாரத்துக்கு என்றதும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மூட்டையைத் தொட்டார், ரெண்டு சிப்பமா, பெரியவங்க யாருக்காச்சுங்களா என்று கேட்டார், சாதாரணமாகத்தான் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டார் சென்னியப்பன். பக்கத்தில் நின்ற மிருதுளா இவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பொய் எதற்கு. அது அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும். அப்பாவே நம்மை ஒளிக்கிறார் என்றுதானே. வசந்தா இருந்திருந்தால், எம் பொண்ணுக்குங்க, பதினோரு வயசாச்சு என்று மண்டித்தெரு முழுக்கக் கேட்கச் சொல்லியிருப்பாள். வசந்தாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது பிள்ளையின் ஏழாவது வயசில். அப்போது கேட்ட சொல் வேறு. போன தடவைக்கு மூணு கிலோ இறங்கியிருக்கு. அடுத்த தடவை நாலு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஊசி போடுவதற்கு முன்னால் எடை மெஷினில் ஏறி நிற்பாள், ஏறுவதற்கு இவர் தோளைப் பிடித்துக்கொள்வாள், கையை எடுங்க, உங்க கையும் சேந்து எடை காட்டுது என்று சிரிப்பாள். கடைசியில் முப்பத்தொன்று. கட்டிலிலிருந்து கழிவறைக்கு இவர் தூக்கிக்கொண்டு போவார், தூக்கும்போது கை ஒரு பாரத்துக்குத் தயாராகி எழும், பாரம் இருக்காது, மாடிப்படியில் இல்லாத படிக்குக் கால் வைத்த மாதிரி உள்ளே ஒன்று விழும். புள்ளைய வாடவிட்டுராதீங்க. அதைத்தான் சொன்னாள், பிள்ளையைப் படிக்க வையுங்கள், கட்டிக் கொடுங்கள் என்றெல்லாம் சொல்லவில்லை. வாடவிட்டுராதீங்க.

அவர் வாடவிடவில்லை. காரியம் முடிந்து உறவெல்லாம் பஸ் ஏறிப் போன பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் மிச்சம், எட்டு வயசுப் பிள்ளை சோற்றைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது, அம்மா ஊட்டினால்தான் சாப்பிடுவேன் என்றது. என்ன செய்வார் அவர். டிவியைப் போட்டார், மடியில் உட்கார வைத்தார், உருண்டை பிடித்தார், அம்மா என்ன வேண்டியிருக்குது தெரியுமா கண்ணு, தட்டு தரையைத் தொடணும்னு வேண்டியிருக்குது, நீ இப்படி இருந்தா தட்டு எப்படித் தொடும், இந்தா, இது அம்மாவுக்கு. பிள்ளை வாயைத் திறந்தது. அன்றைக்கு அவர் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார், சாப்பிட்டுவிட்டாள் என்ற சந்தோஷத்தில். அதிலிருந்து எல்லா வேளையும் அதுதான் மந்திரம். இன்னொரு வாய், தட்டு தொடணும்ல. இன்னொரு தோசை, அம்மா கணக்கு. வேலை முடிந்து வரும்போது வெறும் கையோடு வந்ததில்லை, பப்ஸ், தேங்காய் பன், பேக்கரி வாசலில் வண்டி தானாக நிற்கும், பிள்ளை அழுதால் ஒரு பொட்டலம், அழாமல் இருந்தால் அதற்கு ஒரு பொட்டலம். ஊரும் சொன்னது, அம்மா இல்லாத பிள்ளை மாதிரியா இருக்கு, அப்பன் என்னமா வளர்த்தறான். அந்தப் பாராட்டை மூன்று வருஷம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தார். பிள்ளைக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. கழுத்துப் பின்னால் கருத்தது, அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டினார், பிள்ளை வலிக்குதுப்பா என்றது, இன்னும் தேய்த்தார். அதை மட்டும் நினைக்கக் கூடாது என்று தலையை உதறினார். நினைத்தார். வலிக்குதுப்பா. அது அழுக்கு இல்லை, உடம்புக்குள் சர்க்கரையோடு நடக்கிற மல்லுக்கட்டு வெளியே தெரிகிற அடையாளம் என்று டாக்டரம்மா சொன்னபோது, தேய்த்த கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

நல்ல டாக்டர். பிள்ளையை வெளியே மீன்தொட்டி பார்க்க அனுப்பிவிட்டுத்தான் பேசினார். இவளுக்குன்னு தனி சமையல் எதுவும் வேண்டாம், வீட்டுக்கே ஒரே சமையல், அவ எதைச் சாப்பிடக் கூடாதோ அது உங்க வீட்டுக்குள்ளயே வரக் கூடாது, நீங்களும் சாப்பிடக் கூடாது. டிவிய அணைச்சிட்டு ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து சாப்பிடுங்க, தட்டுல பாதி காய் இருக்கட்டும். அவ கையால அவளே சாப்பிடட்டும், வயிறு போதும்னா விட்டுருங்க. அழுதா சாப்பாடு கொடுக்காதீங்க, பக்கத்துல உக்காருங்க. தினமும் ஒரு மணி நேரம் ஓடட்டும், ஆடட்டும், நீங்களும் கூட இருங்க. நேரத்துக்குத் தூங்கட்டும். வளர்ற பிள்ளை, எடைய இறக்கவே வேண்டாம், இப்படியே நிறுத்தி வெச்சோம்னா உயரம் வந்து சரியாயிடும். ஒண்ணு மட்டும், வீட்டுல எடைங்கற பேச்சே எடுக்காதீங்க. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தார், வந்து செய்த முதல் காரியம் தப்பு. வீட்டிலிருந்த மிக்சர், முறுக்கு டின்னைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, ராத்திரி தூக்கம் வராதபோது ஒரு கை போடுகிற பழக்கம் அவருக்கு, கொண்டுபோய் வசந்தாவின் பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தார். அங்கே யார் பார்க்கப் போகிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பீரோ திறந்திருந்தது, மிருதுளா தரையில் உட்கார்ந்து அம்மாவின் பச்சைப் புடவையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு மிக்சர் தின்றுகொண்டிருந்தாள், தின்றுகொண்டே அழுதுகொண்டிருந்தாள், இவரைப் பார்த்ததும் டின்னை மூடவில்லை, ஒளிக்கவில்லை, புடவையைத் தூக்கி நீட்டினாள். அம்மா வாசம் வரலைப்பா. மிக்சர் வாசம்தான் வருது. எப்போதெல்லாம் அந்தப் பீரோவைத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தாளோ, அவருக்குத் தெரியவே தெரியாது. மூன்று வருஷம் மூடி மூடிக் காப்பாற்றி வைத்த வாசம். புடவையை வாங்கி அவரும் முகர்ந்து பார்த்தார். கடலை எண்ணெயும் ஓமமும்.

அன்றைக்கே டின் போனது. மறுநாளிலிருந்து வாய்க்கால் கரையில் இரண்டு பேரும் நடந்தார்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு, முதல் வாரம் பாலம் வரைக்கும்கூடப் போக முடியவில்லை, இரண்டு பேருக்கும்தான், அப்புறம் பாலம், அப்புறம் மோட்டார் ரூம், இப்போது மோட்டார் ரூம் போய்த் திரும்பி வந்து வாசலில் அரை மணி நேரம் பூப்பந்து அடிக்கிறார்கள். வேகவைத்த கடலை, கொய்யாக்காய், பீர்க்கங்காயை இப்படியும் செய்யலாம் என்று இவர் கற்றுக்கொண்டது, உப்பு போட மறந்த சாம்பாரை அவள் ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் சாப்பிட்டது. நாலு மாதத்தில் எடை அப்படியே நின்றது, உயரம் இரண்டு சென்டிமீட்டர். பாவாடை இடுப்பில் இளகிவிட்டது. டாக்டரம்மா கை கொடுத்தார், இரண்டு பேருக்கும். திரும்பி வருகிற பஸ்ஸில்தான் மிருதுளா கேட்டாள், ப்பா, அம்மா வேண்டுதல எப்ப முடிக்கறது? பார்க்கலாம் கண்ணு. இல்லப்பா, இப்பவே முடிச்சிரலாம், சீக்கிரம். ஏன் சீக்கிரம் என்று அவர் கேட்கவில்லை. பாவாடை இளகிய தைரியம் என்று நினைத்தார். இப்போது இந்தப் புழுக்கத்தில் அந்தத் தைரியத்தைக் காணவில்லை, பிள்ளையின் உதடு வெளுத்திருக்கிறது, காலையில் இட்லியை வழக்கத்துக்கு மேல் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், பயந்தால் இன்னும் சாப்பாட்டைத்தான் தேடுகிறாள், நாலு மாதம் கட்டியது ஒரு காலையில் சரிந்துவிடும் போலிருக்கிறது.

இன்னும் ஒரே குடும்பம்தான். முன்னால் நின்ற பொம்பிளை திரும்பினாள். ஒரு கைக்குழந்தையின் அத்தை, வரிசை முழுக்கக் கேட்கிற குரல், இதுவரை தன் தம்பியையும் தம்பி பெண்டாட்டியையும் ஏவிக்கொண்டிருந்தவள். தம்பி பெண்டாட்டியின் தோளில் அந்த ஆறு மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "ஏனுங்ணா, உங்க பாப்பாவுக்குங்களா? நல்லா போஷாக்காத்தான் வளர்த்தி வெச்சிருக்கறீங்க. ரெண்டு சிப்பம் பத்துமுங்களா?" என்றாள். தம்பிக்காரன், "அக்கா, சும்மா இருக்கா," என்றான். "நான் என்னடா தப்பாச் சொல்லிப்போட்டேன், லட்சுமியாட்ட இருக்குது புள்ள." மிருதுளா அந்த அத்தையை அண்ணாந்து பார்த்து, "நெசமாலுமாங்க? பத்தாதுங்களா?" என்று கேட்டாள். எத்தனை அவமானம் இருந்தால் பிள்ளை இப்படித் திருப்பிக் கேட்கும். அவளை ஓரமாக இழுத்தார். பாட்டில் காலியாகியிருந்தது, இரண்டு லிட்டர் பாட்டில். "போதும் கண்ணு, பாத்ரூம் போயிட்டு வந்துரு, அங்க இருக்குது." "வேண்டாம்ப்பா, அப்புறம் போறேன்." "அப்புறம்னா எப்ப?" "தட்டுல ஏறி இறங்குனப்புறம்." காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள், அடக்கிக்கொண்டு நிற்கிறாள் என்று தெரிந்தது. அவருக்குள் ஏதோ முடிவாகிவிட்டது. வசந்தா, மன்னிச்சிரு. வெல்லத்தை உண்டியல் பக்கம் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடலாம், சாமி எடை பார்த்தா வாங்கப் போகிறது. குனிந்து பிள்ளையின் காதுப் பக்கம் சொன்னார். "அம்மிணி, நாம போயிரலாமா? நீ இத்தனை பேருக்கு முன்னால ஏற வேண்டாம். அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன். யாரும் உன்னைப் பாக்க வேண்டாம்." மிருதுளா அவரையே பார்த்தாள், அவர் என்ன சொல்கிறார் என்று அவளுக்கு முதலில் புரியவே இல்லை, புரிந்தபோது முகம் உடைந்தது. "ஐயோ வேண்டாம்ப்பா, இன்னைக்கே ஏறிடறேன்ப்பா. நாம வாக்கிங் போய்ப் போய் நான் குறைஞ்சுட்டே இருக்கேன். இன்னும் குறைஞ்சா தொடாதுப்பா." "எது தொடாது?" "தட்டு. அம்மா தரையைத் தொடணும்னுதான வேண்டுச்சு. அதுக்குத்தானப்பா நான் எல்லாம் சாப்பிட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "பாவாடை இளகிப் போச்சு. அதான் வளையல், கொலுசு எல்லாம். தண்ணி குடிச்சா ஒரு லிட்டருக்கு ஒரு கிலோன்னு சயின்ஸ்ல இருக்குது."

அவர் நிமிர்ந்தார். நிமிர வேண்டியிருந்தது. கொட்டகை இருந்தது, சனம் இருந்தது, எங்கோ மைக்கில் அர்ச்சனைச் சீட்டு பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இது அம்மாவுக்கு. இன்னொரு வாய், தட்டு தொடணும்ல. மூன்று வருஷம், மூன்று வேளை. புடவையை மடியில் போட்டுக்கொண்டு அழுதபடி தின்றாளே, அது ஆசையில் என்றுதானே நினைத்தோம். வாத்தியார் சத்தம் போட்டுப் படித்தபோதும் அந்தப் பையன் சிரித்தபோதும் பிள்ளை வாயைத் திறக்காமல் நின்றது எதனால் என்று இப்போது தெரிகிறது, அதை நினைக்க அவருக்குத் தெம்பில்லை, ஆனால் நினைப்பு நிற்கவில்லை, ஒரு எட்டு வயசுக் குழந்தை நாளுக்கு நாள், ஒரு கை ஒரு கையாக, யாரிடமும் சொல்லாமல் தன் அம்மாவின் கடனைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறது. "அடுத்தது வாங்கோ," என்று கோயில் ஆள் கூப்பிட்டார், காவி வேட்டி, காதில் செருகிய பென்சில். முன்னால் நின்ற குடும்பம் போனது, அவர்கள் போனதும் முதல் முறையாகத் தட்டுகள் தெரிந்தன. பலகைத் தட்டுகள், மஞ்சள் துணி விரித்தது. அத்தை தூங்குகிற குழந்தையை வாங்கி, "டேய் மவராசா, முழிச்சுப் பாருடா," என்று கொஞ்சிக்கொண்டே ஒரு தட்டில் மெல்லக் கிடத்தினாள். எதிர்த் தட்டு காலி. கோயில் ஆள் சங்கிலியிலிருந்து கையை எடுத்தார். அந்த ஆறு மாதக் குழந்தை கிடந்த தட்டு ஒரு தயக்கமும் இல்லாமல் கீழே போய் டங்கென்று தரையில் உட்கார்ந்தது. காலித் தட்டு மேலே ஆடியது. பிறகுதான் ஒருத்தர் வாழைப்பழச் சீப்புகளைக் கொண்டு வந்து அந்தக் காலித் தட்டில் வைக்க ஆரம்பித்தார், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, குழந்தை மெல்லத் தரையை விட்டு எழுந்தது.

மிருதுளா அதைப் பார்த்தாள். சென்னியப்பனும் பார்த்தார். மளிகைக் கடைத் தராசில் எத்தனை ஆயிரம் முறை பார்த்திருக்கிறார், எதிரில் ஒன்றும் இல்லாதபோது ஒரு புளியங்கொட்டையை வைத்தாலும் வைத்த தட்டு இறங்கத்தான் இறங்கும். அவருக்குத் தெரியும். வசந்தாவுக்கும் தெரியும், அவளும் கடையில் சாமான் வாங்க நின்றவள்தானே. தெரிந்தே இரண்டு பேரும் ஒரு முறைகூட நினைத்துப் பார்க்கவில்லை. முதல் பங்குனியிலேயே தொட்டிருக்கும். பூனைக்குட்டி மாதிரி இருந்தபோதே தொட்டிருக்கும், வசந்தா இதே வரிசைத் தடுப்புக் கம்பிக்குப் பக்கத்தில் நின்று அந்த டங்கைக் காதால் கேட்டிருப்பாள்.

"ப்பா, அந்தப் பாப்பா எத்தனை கிலோ இருக்கும்?"

"ஆறு, ஆறரை இருக்கும் கண்ணு."

மிருதுளா கால் மாற்றுவதை நிறுத்தியிருந்தாள். "நான் பெட்டிக்குள்ள இருந்தேன்ல, அப்ப ஏத்தியிருந்தா?"

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தார். "தொட்டிருக்கும்."

"அம்மாவுக்கு அது தெரியாதாப்பா?"

"தெரியாதும்மா. எனக்கும் தெரியலை."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள், பெரிய மனுஷி ஒரு துக்கச் செய்தியைக் கேட்டுக்கொள்கிற மாதிரி. பிறகு வளையல்களைக் கழற்ற ஆரம்பித்தாள். வேர்வையில் வழுக்கிக்கொண்டு வந்தன, ஒவ்வொன்றாக அவர் கையில் வைத்தாள். குனிந்து கொலுசைக் கழற்றினாள், திருகு இறுகியிருந்தது, அவர் மண்டி போட்டு உட்கார்ந்து இன்னொரு காலிலிருந்து கழற்றினார், கணுக்காலில் கொலுசு பதிந்த தடம் இருந்தது, அதைக் கட்டை விரலால் ஒரு முறை தடவினார், தேய்க்கவில்லை, தடவினார். "பாத்ரூம் எங்கப்பா இருக்குது?" என்றாள். போய்விட்டு ஓடி வந்தாள். கோயில் ஆள் அதுவரை காத்திருந்தார், ஒன்றும் முணுமுணுக்கவில்லை, "ஏறும்மா, சாமியக் கும்பிட்டுட்டு ஏறு," என்றார். அத்தை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நல்லா உக்காரு தங்கம், சங்கிலியப் பிடிச்சுக்கோ," என்று வழி விட்டாள். மிருதுளா பட்டுப்பாவாடையைச் சேர்த்துப் பிடித்துத் தட்டில் ஏறிச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். தட்டு இறங்கியது.

"தொட்டுருச்சாப்பா?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

வளையலும் கொலுசும் இருந்த கையை மார்போடு சேர்த்துக்கொண்டு, "தொட்டுருச்சு கண்ணு," என்றார் சென்னியப்பன். எதிர்த் தட்டில் இன்னும் ஓர் அச்சு வெல்லம்கூட வைத்திருக்கவில்லை.